மருந்துக்கு ஒரு முகவரி

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். இரண்டு கண்ணாடித் தம்ளர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் தண்ணீரையும் மற்றொன்றில் தேங்காய் எண்ணெயையும் பாதியளவு ஊற்றுங்கள். இரண்டிலும் அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூளைப் போட்டுக் கலக்கி, சில மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். தண்ணீரில் தூள் அடியில் படிந்துவிடும். மேலே நிற்கும் நீரில் நிறம் மங்கலாகவே இருக்கும். எண்ணெயிலோ, தூள் படிந்த பின்னும் எண்ணெய் தெளிந்த மஞ்சள் நிறத்தோடு நிற்கும். மஞ்சளுக்கு நிறம் தரும் பொருள் தண்ணீரில் கரைய மறுக்கிறது; எண்ணெயில் கரைகிறது. இந்த எளிய உண்மைக்குள் புற்றுநோய் மருத்துவத்தின் பெருஞ்சிக்கல் ஒன்று அடங்கியிருக்கிறது என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

இச்சிக்கலை நான் தேடிப் படிக்க நேர்ந்ததற்குக் காரணம் என் வகுப்பு மாணவன் ஒருவன். ஒரு நாள் பாடம் முடிந்ததும் அவன் ஒரு விளம்பரத் தாளுடன் வந்து நின்றான். அவன் தந்தைக்குக் கல்லீரலில் புற்றுநோய். ‘நானோ மஞ்சள்’ மாத்திரை அந்நோயை வேரோடு அறுக்கும் என்று அத்தாளில் அச்சிட்டிருந்தார்கள். ஒரு மாத மாத்திரையின் விலை அவர்கள் வீட்டின் ஒரு மாதச் செலவைவிட அதிகம். “நானோ என்பது நம்ம பாடந்தானே, சார்? வாங்கலாமா?” என்று கேட்டான். நான் மருத்துவன் அல்லன்; இயற்பியல் கற்பிப்பவன். உடனே விடை சொல்ல இயலவில்லை. ஒரு வாரம் தவணை கேட்டேன். அந்த ஒரு வாரத்தில் அறிந்தவற்றையும் அதன் பிறகு அறிந்தவற்றையும் இங்கு உங்கள்முன் வைக்கிறேன்.

கரையாத மருந்துகள்

மஞ்சளின் நிறப்பொருளை முதன்முதலில் பிரித்தெடுத்தவர்கள் வோகல், பெல்லெத்தியே என்னும் இருவர். ஆண்டு 1815. அப்பொருளுக்குக் குர்க்குமின் என்று பெயர் வழங்கலாயிற்று. அதன் மூலக்கூறு எவ்வாறு அமைந்துள்ளது என்பது 1910-ஆம் ஆண்டில் தெரியவந்தது. பிற்காலத்தில், சோதனைச் சாலையின் கண்ணாடித் தட்டுகளில் வளர்க்கப்பட்ட பலவகைப் புற்றுச் செல்களின் வளர்ச்சியைக் குர்க்குமின் தடுப்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். ஈரல் புற்றுச் செல்களும் அவற்றுள் அடங்கும்.

அப்படியானால் மஞ்சளை நிறையத் தின்றால் போதுமே என்று நீங்கள் கேட்கலாம். இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்து மருத்துவர்கள் இக்கேள்வியை நேரடியாகச் சோதித்து, 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். பெருங்குடலில் தோன்றிய புற்றுநோய் ஈரலுக்குப் பரவியிருந்த 12 நோயாளிகளுக்கு, அறுவைச் சிகிச்சைக்கு முந்திய ஒரு வாரம், நாள்தோறும் 450 முதல் 3600 மில்லிகிராம் வரை குர்க்குமின் கொடுத்தார்கள். பிறகு அறுவையில் எடுத்த ஈரல் திசுவில் அதைத் தேடினார்கள். குர்க்குமின் அங்கு இல்லை! அது சிதைந்து உண்டான பொருள்களின் சுவடு மட்டுமே கிடைத்தது. இதற்குக் காரணம் யாது? நீரில் கரையாத குர்க்குமினைக் குடல் மிகக் குறைவாகவே உறிஞ்சுகிறது. உறிஞ்சிய சிறிதளவையும் குடற்சுவரும் ஈரலும் உடனே வேறு பொருளாக மாற்றிவிடுகின்றன.

மஞ்சளுக்கு மட்டும் நேர்ந்த குறை அன்று இது. 1962-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துக் காடொன்றில் ஆர்தர் பார்க்லே என்னும் தாவர இயலார் பசிபிக் யூ என்னும் மரத்தின் பட்டையைச் சேகரித்தார். புற்றுநோய்க்கு மருந்து தேடி ஆயிரக்கணக்கான செடிகொடிகளைச் சோதித்துவந்த அரசுத் திட்டம் ஒன்றின் பகுதி அப்பணி. வட கரோலினாவில் மன்ரோ வாலும், மராட்டியத்து நந்தூர்பாரில் பிறந்து பம்பாயில் படித்த மன்சுக் வாணியும் அப்பட்டையிலிருந்து டாக்சால் என்னும் பொருளைப் பிரித்து, 1971-இல் அதன் அமைப்பை வெளியிட்டார்கள். செல் இரண்டாகப் பிரியும்போது உள்ளே அமையும் நுண்குழல்களைக் கலையவிடாமல் டாக்சால் இறுக்கிவிடுகிறது என்று 1979-இல் சூசன் ஹார்விட்ஸ் காட்டினார். பிரிய இயலாத செல் மடிகிறது.

அருமையான மருந்து, ஆனால் இதுவும் நீரில் கரையாது! ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த ஒரு கரைப்பானில் கலந்தே அதனை இரத்தத்தில் ஏற்ற வேண்டியிருந்தது. 1992-இல் அமெரிக்காவில் சூலகப் புற்றுநோய்க்கு அனுமதி கிடைத்தபோதும், அக்கரைப்பான் சில நோயாளிகளிடம் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கிவந்தது. 2005-ஆம் ஆண்டில் ஒரு மாற்று வழி நடைமுறைக்கு வந்தது. நம் இரத்தத்தில் இயல்பாகவே உள்ள அல்புமின் என்னும் புரதத்தோடு மருந்தைச் சேர்த்து, ஏறத்தாழ 130 நானோமீட்டர் அளவுள்ள நுண்துகள்களாக்கினார்கள். ஆமணக்குக் கரைப்பானுக்கு வேலை இல்லாமற் போயிற்று. மார்பகப் புற்றுநோய்க்கு முதலில் அனுமதி பெற்ற அத்துகள் மருந்து, பின்னர் நுரையீரல், கணையப் புற்றுநோய்களுக்கும் பயன்பட்டது. பழைய மருந்துக்குப் புதிய வண்டி கிடைத்தது எனலாம்.

நானோமீட்டர் எவ்வளவு சிறியது? ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் பங்கிட்டால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். நம் தலைமுடியின் தடிப்பு ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். பொருளைத் துகளாக்குவதால் என்ன பயன் என்பதை ஒரு சிறு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். 1 செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர செ.மீ. அதையே 100 நானோமீட்டர் பக்கமுள்ள கனசதுரங்களாக வெட்டினால், மொத்த மேற்பரப்பு 60 சதுர மீட்டர் ஆகிவிடும்; ஒரு சிறு வீட்டின் தரைப்பரப்பு! பரப்புப் பெருகினால் நீரோடு தொடுகை பெருகும், கரைதலும் விரையும். நீரை விரும்பும் மூலக்கூறுகளால் துகளைப் போர்த்திவிட்டால், உள்ளே கரையாத சரக்கு இருந்தாலும் அது இரத்தத்தில் மிதந்து செல்லும். 2007-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தாரும் தில்லிப் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து, இம்முறையில் குர்க்குமினை நீரில் தெளிவாகப் பரவும் துகள்களாக்கிக் காட்டினார்கள். அந்த விளம்பரத் தாளிலிருந்த ‘நானோ மஞ்சள்’ என்னும் சொல்லுக்குப் பின்னால் இப்படி உண்மையான அறிவியல் இருக்கவே செய்கிறது.

ஆனால், இரத்தத்தில் ஏறிய துகள் எங்கே போகும்?

ஈரல் என்னும் வடிகட்டி

1876-ஆம் ஆண்டில் குப்ஃபர் என்னும் ஜெர்மானிய உடற்கூற்றியலார், தங்க உப்பினால் சாயமேற்றிய ஈரல் திசுவை நுண்பெருக்கியில் நோக்கியபோது நட்சத்திர வடிவான செல்களைக் கண்டார். இன்று அவர் பெயரால் வழங்குபவை ஈரலிலுள்ள வேறு செல்கள். அவை அந்நியப் பொருள்களை விழுங்கும் செல்கள் என்பதைப் போலந்து அறிஞர் பிரோவிச் 1898-இல் எடுத்துக்காட்டினார். குடலிலிருந்து இரத்தத்தோடு வரும் கிருமிகளையும் தூசுகளையும் பிடித்துத் தின்பது இவற்றின் வேலை. ஈரலின் நுண்ணிய இரத்தக் குழாய்களின் ஓரத்தில் சுங்கச் சாவடிக் காவலர்களைப் போல் இவை அமர்ந்திருக்கின்றன.

இனி இங்கிலாந்துக்கு வருவோம். கேம்பிரிட்ஜுக்கு அருகில் பாப்ரஹாம் என்னும் ஊரிலுள்ள ஆராய்ச்சி நிலையத்தில் அலெக் பாங்கம், கொழுப்புப் பொருள்களை நீரில் கலக்கி எலக்ட்ரான் நுண்பெருக்கியில் ஆராய்ந்தார். அவை தாமாகவே வெங்காயத் தோல் போன்ற அடுக்கடுக்கான பைகளாக உருண்டுகொள்வதை அவரும் ராபர்ட் ஹார்னும் 1964-இல் வெளியிட்டார்கள். பின்னாளில் இப்பைகள் லிப்போசோம் எனப் பெயர் பெற்றன. பைக்குள் மருந்தை அடைத்து உடலுக்குள் அனுப்பலாம் என்னும் கருத்தை 1971-இல் இலண்டனில் கிரிகோரி கிரிகோரியாடிஸும் பிரெண்டா ரைமனும் முன்வைத்தார்கள். எலிகளுக்கு ஊசிவழி செலுத்திப் பார்த்தபோது, பைகள் இரத்தத்திலிருந்து விரைவில் மறைந்தன. எங்கே? பெரும்பகுதி ஈரலில்!

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று தோன்றுகிறதல்லவா? மூளைக்கோ நுரையீரலுக்கோ மருந்து அனுப்புவோர் துகள்கள் ஈரலில் மாட்டிக்கொள்வதை எண்ணி வருந்தினார்கள். ஈரல் புற்றுநோய்க்கு மருந்து தேடுவோருக்கோ அது நல்வாய்ப்பாகத் தெரிந்தது. ஆனால் துகள்களை விழுங்கியவை பெரும்பாலும் குப்ஃபர் செல்கள். புற்றாக மாறுவன ஈரலின் வேறு செல்கள். கடிதம் ஊர் வந்து சேர்ந்துவிட்டது. வீடு வந்து சேரவில்லை.

கதவைத் திறந்த சர்க்கரை

சாயங்கள் சில திசுக்களில் மட்டும் ஒட்டுவதைக் கண்ட பால் எர்லிக் என்னும் ஜெர்மானிய மேதை, நோயை மட்டும் தேடித் தாக்கும் மருந்து செய்ய இயலும் என்று நம்பினார். அதை ‘மாயக் குண்டு’ என்று அழைத்தார். அவர் நம்பியது போல், ஈரல் செல்லின் கதவைத் திறக்கும் திறவுகோல் ஒன்று 1968-இல் தற்செயலாகக் கிடைத்தது.

அமெரிக்க விஞ்ஞானிகளான கில்பர்ட் ஆஷ்வெல்லும் அனடோல் மொரெல்லும், செம்பைச் சுமந்து செல்லும் ஓர் இரத்தப் புரதத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அப்புரதத்தின்மேல் சர்க்கரைச் சங்கிலிகள் தொங்கும். சங்கிலியின் நுனியிலுள்ள சயாலிக் அமிலத்தை நீக்கிவிட்டு அப்புரதத்தை முயல்களுக்குச் செலுத்தினார்கள். வழக்கமாக நெடுநேரம் இரத்தத்தில் சுற்றும் அப்புரதம், சில நிமிடங்களிலேயே மறைந்து ஈரலுக்குள் புகுந்துவிட்டது! நுனி நீங்கியதால் அடியிலிருந்த காலக்டோஸ் என்னும் சர்க்கரை வெளியே தெரிந்தது. காலக்டோஸைப் பிடித்து உள்ளே இழுக்கும் புரதக் கைகள் ஈரல் செல்லின் மேற்பரப்பில் இருக்கின்றன. பாலில் உள்ள சர்க்கரையின் பாதியான காலக்டோஸ், ஈரலின் முகவரியாயிற்று.

தாவர உலகிலும் இத்தகைய முகவரி ஒன்று கிடைத்தது. அதிமதுரத்திலிருந்து பெறும் கிளிசிரெட்டினிக் அமிலம் ஒட்டிக்கொள்ளும் இடங்கள் எலியின் ஈரல் செல்களில் உண்டு என்று 1991-இல் ஜப்பானியர் கண்டார்கள். அதன் பிறகு, துகளுக்குள் ஒரு தாவர மருந்தை அடைத்து, வெளியே அதிமதுரத்து முகவரியை ஒட்டி, விலங்குகளில் சோதிக்கும் ஆராய்ச்சிகள் பெருகின.

மனிதரிடம் இம்முறை என்னவாயிற்று? டாக்சோரூபிசின் என்னும் மருந்தையும் காலக்டோஸ் வகைச் சர்க்கரையையும் ஒரு நீண்ட மூலக்கூறில் கோத்து, இங்கிலாந்தில் 31 நோயாளிகளிடம் சோதித்தார்கள். அம்மருந்து மண் நுண்ணுயிரிலிருந்து வந்தது. ஆயினும் முகவரிக் கொள்கைக்கு அதுவே முதற் பெருஞ்சோதனை. முடிவு 2002-இல் வெளியாயிற்று. செலுத்திய மருந்தில் ஏறத்தாழ 17 சதவீதம் ஈரலை அடைந்திருந்தது. கட்டியை அடைந்ததோ ஏறத்தாழ 3 சதவீதமே. முகவரி சரிதான், ஆனால் நலமாக உள்ள ஈரல் செல்களுக்கும் அதே முகவரி! மேலும், புற்று முற்ற முற்ற அச்செல்கள் பல சமயம் அக்கதவையே இழந்துவிடுகின்றன. இருப்பினும் முயற்சி வீணாகிவிடவில்லை. ஈரலில் தோன்றிய புற்றுநோய் கொண்டிருந்த 23 பேருள் மூவரின் கட்டி சுருங்கியது.

கசகசா எண்ணெயின் பாதை

முகவரி ஒட்டாமலே கட்டியை அடையும் பாதை ஒன்றும் உண்டு. ஈரலுக்கு இரத்தம் இரு வழிகளில் வருகிறது. நலமான ஈரல் தன் தேவையில் முக்கால் பங்கைக் குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாகப் பெறுகிறது. கட்டியோ பெரும்பாலும் ஈரல் தமனியையே நம்பி வளர்கிறது. ஆகவே, தமனி வழியாகச் செலுத்துவது கட்டிக்கே மிகுதியாகப் போய்ச் சேரும்.

ஜப்பானில் குமமோட்டோ பல்கலைக்கழகத்து ஹிரோஷி மயேடாவும் அவருடைய தோழர்களும் 1980-களில் இதைப் பயன்படுத்தினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட ஊர்தி நம் சமையலறைக்கு அறிமுகமான கசகசாவின் எண்ணெய்! அயோடின் ஏற்றிய அவ்வெண்ணெய் 1901-இல் பாரிசில் உருவானது. அதில் தங்கள் மருந்தைக் கரைத்து ஈரல் தமனியில் செலுத்தியபோது, எண்ணெய் கட்டியில் நெடுநாள் தங்கியது. கட்டியின் இரத்தக் குழாய்கள் அவசர அவசரமாக முளைத்தவை; ஆதலால் அவற்றின் சுவரில் இடைவெளிகள் உண்டு. பெரிய மூலக்கூறுகளும் நுண்துகள்களும் அவ்விடைவெளி வழியே கசிந்து அங்கேயே தேங்கும் என்று 1986-இல் மட்சுமுராவும் மயேடாவும் விளக்கினார்கள். நானோ மருந்து ஆராய்ச்சியின் பெரும்பகுதி இக்கருத்தின்மேல் எழுந்ததே.

ஆயினும் எலியின் கட்டி வேறு. மனிதக் கட்டி வேறு. எலியில் அது சில நாள்களில் வளர்கிறது, சுவரும் ஓட்டையாகிறது. மனிதரிடம் அது ஆண்டுக்கணக்கில் வளரக்கூடும். ஓட்டைகளும் ஆளுக்கு ஆள் மாறும். 2016-இல் கனடாவின் டொராண்டோ ஆய்வாளர்கள், அதற்கு முந்திய பத்தாண்டுகளில் விலங்குகளில் நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். செலுத்திய துகள்களில் கட்டியை அடைந்தது, இடைநிலை மதிப்பாக, 0.7 சதவீதம். நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை!

மாணவனுக்குச் சொன்ன விடை

ஒரு வாரம் கழித்து அம்மாணவனிடம் மூன்று கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். மருந்து கரைகிறதா? ஈரலை அடைகிறதா? அங்கே புற்றுச் செல்லுக்குள் நுழைகிறதா? நானோத் துகள் முதற் கேள்விக்கு நன்றாகவே விடை சொல்கிறது. இரண்டாவதற்குப் பாதி விடை சொல்கிறது. மூன்றாவது கேள்வியில்தான் உலகத்து ஆராய்ச்சிச் சாலைகள் இன்றும் முட்டி மோதிக்கொண்டிருக்கின்றன. நானோ குர்க்குமின் ஈரல் புற்றுநோயைக் குணப்படுத்தும் என்பது மனிதரிடம் நடந்த பெரிய மருத்துவச் சோதனை எதிலும் மெய்ப்பிக்கப்படவில்லை. விளம்பரத் தாள் முதற் கேள்விக்கான விடையைக் காட்டி, மூன்றுக்குமான விலையைக் கேட்டது.

“நல்லது செய்யாவிட்டாலும் கெடுதல் செய்யாதே, சார்?” என்றான் அவன். அதுவும் உறுதி அன்று. மிளகிலுள்ள பைப்பரின் குர்க்குமினின் உறிஞ்சலைப் பன்மடங்கு உயர்த்துகிறது என்று பெங்களூர் ஆய்வாளர்கள் 1998-இல் காட்டினார்கள். அதன் பிறகு பல மாத்திரைகளில் பைப்பரினையும் சேர்க்கலானார்கள். மஞ்சள் மாத்திரை உண்டு ஈரல் பழுதுற்ற 10 பேரைப் பற்றி அமெரிக்க மருத்துவர்கள் 2022-இல் எழுதினார்கள். அவர்களில் ஒருவர் இறந்துவிட்டார். குழம்பில் இடும் மஞ்சளைப் பற்றிய பேச்சன்று இது. உடலின் காவலை மீறி உள்ளே செல்லும்படி செய்த பொருளுக்கு மருந்துக்குரிய ஆற்றல் மட்டுமல்லாமல் மருந்துக்குரிய அபாயமும் வந்துவிடுகிறது. ஏற்கெனவே நோயுற்ற ஈரல் அதைத் தாங்குமா என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும்.

பிறகு அவனிடம் ஒரு கேள்வி கேட்டேன். தந்தையின் நோய்க்குக் காரணம் என்ன என்று மருத்துவர் சொன்னாரா? “மஞ்சட்காமாலைக் கிருமி, பி வகை” என்றான். வீட்டில் மற்றவர்களும் இரத்தம் சோதித்துக்கொள்ளச் சொன்னாராம். அலைச்சலில் யாரும் போகவில்லை.

ஹெபடைட்டிஸ் பி வைரசின் விட்டம் 42 நானோமீட்டர். நம் விஞ்ஞானிகள் இத்தனை ஆண்டுகளாகச் செய்ய முயலும் துகளை இயற்கை முன்னரே செய்து வைத்திருக்கிறது. அது குறி தவறாமல் ஈரல் செல்லுக்குள் நுழைகிறது. பித்த உப்புகளை உள்ளே எடுத்துக்கொள்ளும் ஒரு புரதமே அதன் வாயில் என்று 2012-இல் சீன விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். அவ்வைரசுக்கு எதிரான தடுப்பூசியில் இருப்பதும் ஒரு நானோத் துகளே. அதன் அளவு ஏறத்தாழ 22 நானோமீட்டர். தைவானில் 1984-இல் பிறக்கும் குழந்தைகளுக்கு இத்தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். 6 முதல் 14 வயது வரையுள்ள சிறுவர்களிடம் ஈரல் புற்றுநோய், 1980-களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு இலட்சத்துக்கு 0.70 என்றிருந்தது; 1990-களின் தொடக்கத்தில் 0.36 ஆகக் குறைந்தது. ஏறத்தாழ பாதி! 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏழரை இலட்சம் பேருக்கு மேல் ஈரல் புற்றுநோயால் இறந்தார்கள் என்பதை நினைத்தால் இந்தப் பாதியின் பெருமை விளங்கும்.

யூ மரப் பட்டையைச் சேகரித்தது முதல் டாக்சாலுக்கு நல்ல வண்டி கிடைத்தது வரை நாற்பதாண்டுகளுக்கு மேல் ஆயின. மஞ்சளுக்கும் ஒரு நாள் சரியான முகவரி எழுதப்படலாம். அந்த நாள்வரை அதன் பெயரால் விற்பவரிடம் மூன்று கேள்விகளையும் கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

மாணவன் அந்த விளம்பரத் தாளின் பின்புறத்தில் 22, 42 என்னும் இரண்டு எண்களையும் குறித்துக்கொண்டான். அடுத்த வாரம் அம்மாவையும் தங்கையையும் அழைத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போய், மூவரும் இரத்தம் கொடுத்துவிட்டு வந்ததாகச் சொன்னான். மாத்திரைக்கென்று ஒதுக்கியிருந்த பணம் தந்தையின் அடுத்த பரிசோதனைக்கு உதவியது.